வலு இலத்திரனியலில் கல்வித்துறைப் பாதை: முதல் கன்வேட்டரிலிருந்து கலாநிதிப் பட்டம் வரை

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து பொறியியல் படிக்கப் போகிறவர்களுக்கும், ஒலுவிலிலோ பேராதனையிலோ மொறட்டுவையிலோ ஏற்கனவே படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறோம். சூரிய சக்தி, காற்றுச் சக்தி, அவற்றை மின்வலையோடு இணைக்கும் வலு இலத்திரனியல் ஆகியவற்றில் விரிவுரையாளராகவோ ஆய்வாளராகவோ வர விரும்புகிறவர்கள் எதை எப்போது செய்ய வேண்டும் என்பதே விடயம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இந்தத் துறையில் ஆளை மதிப்பிடுவது, அவர் தன் கையால் கட்டிய சுற்றிலிருந்து எடுத்த அலைவடிவத்தை வைத்துத்தான். நல்ல பெறுபேறு கதவைத் திறக்கும். சிமுலேஷன் படம் மட்டும் வைத்திருப்பவரை யாரும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பதில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் மேசையில் செய்யும் வேலையைப் பற்றியே இருக்கும்.

நுழைவு

க.பொ.த. உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் எடுத்து, மாவட்ட இசட் புள்ளி அடிப்படையில் பொறியியல் பீடத்துக்குப் போவது நேர்வழி. மட்டக்களப்பும் அம்பாறையும் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள் என்ற பட்டியலில் உள்ளவை. மாவட்டக் கோட்டாவுக்கு மேலதிகமாக அந்த ஒதுக்கீடும் இங்குள்ள பிள்ளைகளுக்கு உண்டு. அம்பாறை மாவட்டத்துக்குள்ளேயே ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. பெரிய பெயருள்ள பீடத்துக்குக் கிடைக்கவில்லை என்று மனம் சோர வேண்டியதில்லை. நூறு பேர் வரிசையில் நிற்கும் ஆய்வுகூடத்தைவிட, மாலை ஆறு மணிக்குப் பிறகும் ஒஸிலோஸ்கோப்பை (அலைவடிவத்தைக் காட்டும் கருவி) தொட விடுகிற சிறிய ஆய்வுகூடம் ஆய்வாளரை உருவாக்கும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் சிறப்புப் படிப்பவர்களுக்கும் சூரியக் கலப் பொருட்கள் வழியாக இதே துறைக்குள் வர வாய்ப்பு உண்டு. அது வேறு பாதை, இங்கே விரிக்கவில்லை.

முதலாம் ஆண்டில் கணிதத்தைக் கைவிடாதீர்கள். பெரும்பாலான பீடங்களில் அந்த ஆண்டின் பெறுபேற்றை வைத்தே மின் பொறியியலுக்குப் பிரிக்கிறார்கள். விரிவுரையாளர் பதவிக்கு முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேல்நிலையோ தேவை. புள்ளிச் சராசரியில் அது பொதுவாக 3.70, 3.30 என்ற கோடுகள். மூன்றாம் ஆண்டில் முழித்துக்கொண்டு இந்தக் கோட்டைத் தாண்டுவது மிகக் கடினம்.

மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் கையில் இருக்க வேண்டிய கணிதம்

1976-ல் மிடில்புரூக்கும் சூக்கும் கால்டெக்கிலிருந்து வெளியிட்ட நிலைவெளிச் சராசரி முறையை (state-space averaging), புத்தகத்தை மூடிவைத்து நீங்களே வருவிக்கத் தெரிய வேண்டும். பக் (வோல்ட்டை இறக்குவது), பூஸ்ட் (ஏற்றுவது) ஆகிய இரு கன்வேட்டர்களுக்கும் செய்யுங்கள். பூஸ்டில் ஒரு இடத்தில் நின்று யோசியுங்கள்: டியூட்டியை (ஒவ்வொரு சுழற்சியிலும் சுவிட்ச் கடத்தும் நேரத்தின் பங்கு) கூட்டினால் வெளியீடு முதலில் கீழே இறங்கி, பிறகுதான் ஏறும். இண்டக்டர் உள்ளீட்டோடு கூடுதல் நேரம் இணைந்திருக்கும்போது சுமைக்குப் போகும் மின்னோட்டம் அந்தக் கணத்தில் குறைவதே காரணம். இதுதான் வலப்பாதித் தளப் பூச்சியம் (right-half-plane zero). அதன் கோண மீடிறன், சுமைத் தடையை ஒன்றிலிருந்து டியூட்டி கழித்ததன் வர்க்கத்தால் பெருக்கி, இண்டக்டன்சால் வகுத்தது. கட்டுப்பாட்டு வளையத்தின் வேகத்தை இதற்கு மிகக் கீழே வைக்கவில்லை என்றால் சுற்று ஊசலாடும். நேர்முகத்தில் இதைக் கேட்பார்கள். சமன்பாட்டைச் சொல்வதோடு நிறுத்தாமல் காரணத்தைச் சொல்கிறவரை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

முதல் கன்வேட்டர்

பரிந்துரை: 100 வாட் சோலார் பனலிலிருந்து 12 வோல்ட் ஈயப் பற்றரிக்குச் சார்ஜ் செய்யும் பக் கன்வேட்டர், உச்ச வலுப் புள்ளியை (பனல் அதிக வலு தரும் வோல்ட்டை) தேடும் வசதியோடு. செலவு குறைவு, தொட்டால் சாகும் வோல்ட் இல்லை, ஆனால் துறையின் அத்தனை சிக்கலும் இதற்குள் இருக்கிறது.

பனல் தெரிவிலேயே முதல் பிழை நடக்கும். 36 கலம் கொண்ட ஒற்றை 100 வாட் பனலின் உச்ச வலுப் புள்ளி, பெயர்ப்பலகையில் 18 வோல்ட் அளவில் இருக்கும். அது கலம் 25 பாகை செல்சியஸில் இருக்கும்போது. கச்சான் வீசும் மாதங்களில் கல்முனைப் பக்கம் தகரக் கூரைமேல் நண்பகலில் கலத்தின் வெப்பநிலை 60, 65 பாகையைத் தொடும். ஒவ்வொரு பாகைக்கும் உச்சப் புள்ளி வோல்ட் ஏறக்குறைய 0.4 சதவீதம் இறங்குவதால் 18 வோல்ட் 15-ஐ ஒட்டி வந்துவிடும். பற்றரி நிறையும் கட்டத்தில் கேட்பது 14.4. கேபிள், மொஸ்பெட் (சுவிட்சாக வேலை செய்யும் ட்ரான்சிஸ்டர்) இழப்புகளைக் கழித்தால் கன்வேட்டருக்கு விளையாட இடமே இல்லை. ஆகவே 36 கலம் கொண்ட 50 வாட் பனல்கள் இரண்டைத் தொடராக இணையுங்கள்: உச்சப் புள்ளி 36 வோல்ட், திறந்த சுற்றில் 44 வோல்ட். தெற்கு நோக்கி 10 பாகைச் சாய்வு போதும். நம் அகலக்கோடு 7 பாகை சொச்சம்தான். ஆனால் மழை வழிந்தோடித் தூசி கழுவப்பட 10 பாகை வேண்டும்.

இனிக் கணக்கு. வெளியீடு 13.8 வோல்ட், வலு 100 வாட் என்றால் வெளியீட்டு மின்னோட்டம் 7.25 அம்பியர். டியூட்டி 13.8-ஐ 36-ஆல் வகுக்க 0.383. மீடிறன் 50 கிலோஹேட்ஸ். இண்டக்டர் மின்னோட்டத்தின் அலைவு (ripple) 2.1 அம்பியர் என்று வைத்தால், வோல்ட் வித்தியாசம் 22.2-ஐ டியூட்டியால் பெருக்கி, அலைவும் மீடிறனும் பெருக்கிய தொகையால் வகுக்க 81 மைக்ரோஹென்றி வரும். 100 மைக்ரோஹென்றி எடுங்கள், அலைவு 1.7 அம்பியர், உச்சம் 8.1 அம்பியர்.

பழைய கணினி மின்வழங்கியிலிருந்து கழற்றிய மஞ்சள்-வெள்ளை வளையக் கோரில் சுற்றலாம். 27 மில்லிமீற்றர் வெளிவிட்டமுள்ள அந்த வகைக் கோர் சுற்றின் வர்க்கத்துக்கு 93 நானோஹென்றி தரும். 33 சுற்றுக்கு 100 மைக்ரோஹென்றி கணக்கில் சரியாக வரும், இண்டக்டன்ஸை அளக்கும் எல்சிஆர் மீற்றரும் அதையே காட்டும். ஆனால் அது மின்னோட்டம் இல்லாதபோது. 7 அம்பியர் ஓடும்போது அந்த இரும்புத்தூள் கோரின் இண்டக்டன்ஸ் ஏறக்குறைய பாதியாக விழுந்துவிடும். இரண்டு கோரை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 1 மில்லிமீற்றர் எனாமல் கம்பி இரண்டைச் சேர்த்து 33 சுற்றுச் சுற்றுங்கள். சரியா என்று பார்க்க மின்னோட்ட அலைவடிவத்தைப் பாருங்கள். முக்கோணத்தின் ஏறுபக்கம் நேர்கோடாக இருந்தால் நல்லது. உச்சியில் மேல்நோக்கி வளைந்தால் கோர் நிறைகிறது.

மொஸ்பெட்டுக்கு 44 வோல்ட்டும் அதன்மேல் சுவிட்ச் ஆகும்போது எழும் துள்ளலும் தாங்க வேண்டும். 55 வோல்ட் வகை போதாது. 100 வோல்ட் ஐஆர்எஃப் 540என் பொருத்தம். அதன் தடை 44 மில்லிஓம், சூட்டில் ஒன்றரை மடங்கு. கடத்தல் இழப்பு 1.3 வாட், சுவிட்ச் இழப்பு 1 வாட், மொத்தம் 2.3. ஹீட்சிங்க் இல்லாமல் ஒரு வாட்டுக்கு 62 பாகை ஏறும் என்பதால் 140 பாகைக்கு மேல் கூடும். நம் ஊர்ச் சூட்டில் அது எரிந்துபோகும் கணக்கு. வாட்டுக்கு 20 பாகைக்குக் குறைந்த ஹீட்சிங்க் பூட்டுங்கள். கீழ்ப்பக்கத்துக்கு முதலில் 100 வோல்ட் ஷொட்கி டயோட் போதும். அதில் மட்டும் 3 வாட் போகும், எல்லாம் சேர்த்து வினைத்திறன் 94 சதவீதம் அளவில் நிற்கும். பிறகு டயோடை மொஸ்பெட்டாக மாற்றி இழப்பு எவ்வளவு குறைகிறது என்று அளந்தால், உங்கள் முதல் உண்மையான ஒப்பீட்டு அட்டவணை தயார்.

கடையில் வாங்கும் மொஸ்பெட் போலியா என்று பார்ப்பது எளிது. கேட் காலுக்கு 12 வோல்ட் கொடுத்து, ட்ரெயினில் 1 அம்பியர் ஓடவிட்டு, ட்ரெயினுக்கும் சோர்ஸுக்குமிடையே மில்லிவோல்ட்டை அளவிடுங்கள். ஐஆர்எஃப் 540என் என்றால் 44-க்குள் இருக்க வேண்டும். 80, 100 என்று காட்டினால் உள்ளே சிறிய சில்லை (chip) வைத்துப் பெயரை மாற்றி அச்சடித்திருக்கிறார்கள். புறக்கோட்டையிலோ இணையத்திலோ பத்தாக வாங்கும்போது ஒவ்வொன்றையும் இப்படிச் சோதியுங்கள்.

உள்ளீட்டுக் கப்பாசிட்டரைப் பலரும் மைக்ரோஃபராட் பார்த்து வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது அது தாங்கும் அலைவு மின்னோட்டத்தை. பக் கன்வேட்டர் பனலிலிருந்து துண்டு துண்டாகவே மின்னோட்டத்தை இழுக்கும். அந்தத் துண்டுகளைக் கொடுப்பது கப்பாசிட்டர். இங்கே அதன் ஆர்எம்எஸ் அளவு 3.5 அம்பியர். 63 வோல்ட் 470 மைக்ரோஃபராட் குறைதடை வகை இரண்டு அல்லது மூன்றைச் சமாந்தரமாகப் போட்டு, மொஸ்பெட்டின் காலடியிலேயே சில மைக்ரோஃபராட் செராமிக்கும் வையுங்கள். விரலில் சூடு தெரிந்தால் அந்தக் கப்பாசிட்டர் சில மாதங்களில் வீங்கும். மின்பகுபொருள் கப்பாசிட்டரின் ஆயுள், வெப்பநிலை 10 பாகை ஏறும்போதெல்லாம் பாதியாகும் என்பது துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் விதி.

பிரெட்போர்டில் இதைக் கட்டாதீர்கள். அதன் தொடுகைகள் 7 அம்பியரைத் தாங்காது. அதைவிட மோசம், நீண்ட வழிகளின் இண்டக்டன்ஸ் ஒவ்வொரு சுவிட்சிலும் துள்ளலை எழுப்பும். செராமிக் கப்பாசிட்டர், மேல் மொஸ்பெட், டயோட் மூன்றும் சேர்ந்த வளையம் விரல் நகம் அளவுக்குள் அடங்க வேண்டும். செப்புத் தகட்டில் கீறிச் செய்தாலும் பரவாயில்லை.

ட்ரைவரில் சிக்கும் இடம்

இந்தச் சுற்றில் அதிக நேரத்தைத் தின்னும் தவறு இது. மேல் மொஸ்பெட்டைத் திறக்க, அதாவது கடத்தவிட, அதன் கேட், சோர்ஸைவிடச் சுமார் 12 வோல்ட் உயர வேண்டும். ஐஆர் 2104 போன்ற ட்ரைவர் (கேட்டை இயக்கும் சில்) அதை பூட்ஸ்ட்ராப் கப்பாசிட்டரிலிருந்து எடுக்கும். அந்தக் கப்பாசிட்டர் நிறைவது, சுவிட்ச் முனை (மேல் மொஸ்பெட்டும் டயோடும் இண்டக்டரும் சந்திக்கும் இடம்) தரைக்கு இறங்கும்போது மட்டுமே. வெளியீட்டில் தடையை இணைத்துச் சோதிக்கும்போது எல்லாம் அழகாக ஓடும். பற்றரியை இணைத்ததும் உயிரே வராது. காரணம், இண்டக்டரில் மின்னோட்டம் இல்லாதபோது சுவிட்ச் முனை பற்றரியின் 12.6 வோல்ட்டில் நிற்கிறது. 12 வோல்ட் வழங்கியால் அதற்கு மேலே கப்பாசிட்டரை நிரப்ப முடியாது. இது தெரியாதவர்கள் ட்ரைவரை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். டயோட் வடிவத்துக்குத் தீர்வு, மேல் பக்கத்துக்குத் தனியாக 12 வோல்ட் தரும் 1 வாட் தனிமைப்படுத்திய சிறு டிசி மொடியூல். பூட்ஸ்ட்ராப்பிலேயே நிற்பதாக இருந்தால் அதன் டயோட் வேகமானதாக இருக்கட்டும். யூஎஃப் 4007 சரி, சாதாரண 4007 மெதுவானது, 50 கிலோஹேட்ஸுக்கு உதவாது.

கீழேயும் மொஸ்பெட் போட்ட பிறகு வேறு ஆபத்து வருகிறது. ஐஆர் 2104-க்கு உள்ளீடு ஒன்றுதான். அது தாழ்ந்திருக்கும்போது கீழ் மொஸ்பெட் திறந்திருக்கும். மைக்ரோகொன்ட்ரோலர் ரீசெட் ஆகும் கணத்தில் அப்படி நின்றுவிட்டால் பற்றரி, இண்டக்டர் வழியாகத் தரைக்கு நேராக இணைந்துவிடும். 100 மைக்ரோஹென்றியில் மின்னோட்டம் ஒரு மில்லிவிநாடிக்கு 126 அம்பியர் என்ற வேகத்தில் ஏறும். ட்ரைவரின் ஷட்டவுன் காலிலிருந்து தரைக்கு 10 கிலோஓம் தடை ஒன்றை நிரந்தரமாகப் பூட்டினால், மென்பொருள் விழித்தெழும்வரை இரு மொஸ்பெட்டும் மூடியிருக்கும். பற்றரி முனையிலேயே 15 அம்பியர் பியூஸ் கட்டாயம். இன்னொன்று, பொழுது சாய்ந்து பனலின் வோல்ட் விழுந்த பிறகும் சுவிட்சிங் தொடர்ந்தால், இதே சுற்று பூஸ்டாகத் திரும்பிப் பற்றரியிலிருந்து பனல் பக்கம் தள்ளும். பனல் கழற்றப்பட்டிருந்தால் உள்ளீட்டுக் கப்பாசிட்டர் வெடிக்கும் அளவுக்கு வோல்ட் ஏறலாம். பனல் வழியில் பின்னோட்டத்தைத் தடுக்கும் ஒரு மொஸ்பெட்டும், இண்டக்டர் மின்னோட்டம் பூச்சியத்துக்கு இறங்கினால் கீழ் மொஸ்பெட்டை மூடும் நிரல்வரியும் வையுங்கள்.

அளத்தல்

மின்னோட்டத்துக்கு 20 அம்பியர் ஹோல் உணரியை 10 பிட் ஆர்டுயினோவோடு இணைப்பது பரவலான வழக்கம். அதில் ஒரு படி 49 மில்லிஅம்பியர், அதற்கு மேல் இரைச்சல் வேறு. மேகமூட்டத்தில் பனல் அரை அம்பியர் தரும்போது, தேடும் நிரல் குருடாக அலையும். ஐஎன்ஏ 226 சில்லையும் 5 மில்லிஓம் ஷண்டையும் (மின்னோட்டத்தை அளக்க வைக்கும் சிறு தடை) எதிர்மறை வழியில் போட்டால் ஒரு படி அரை மில்லிஅம்பியர். அந்தச் சில் 36 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, நம் பனலோ 44. எனவே வோல்ட் காலுக்கு இரண்டு 10 கிலோஓம் தடைகளால் பாதியாக்கிக் கொடுங்கள். அந்தக் காலின் உள்தடை 830 கிலோஓம் என்பதால் 0.6 சதவீதம் குறைத்துக் காட்டும். நல்ல மீற்றரோடு ஒப்பிட்டு நிரலில் திருத்திவிடுங்கள்.

தேடும் முறையில் டியூட்டியை 1 சதவீதம் அசைத்து, 100 மில்லிவிநாடி பொறுத்து, வலு கூடியதா என்று பாருங்கள். அவசரப்பட்டுச் சில மில்லிவிநாடியில் அசைத்தால் சுற்று அடங்குமுன் அளந்து தவறான பக்கம் ஓடும். வாடைக்காற்றுக் காலத்தில் வெயில் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். நிரல் தன் அசைவால் வலு கூடியது என்று ஏமாந்து வழிதவறுவதைப் பதிவில் பார்க்கலாம். அந்தப் பதிவைத் தூக்கி எறியாதீர்கள், அது ஒரு ஆய்வுக் கேள்வியின் தொடக்கம். கார்த்திகை, மார்கழி மழையில் பனலை வைத்துச் சோதிக்க வழியில்லாதபோது 40 வோல்ட் மேசை மின்வழங்கியோடு 5 ஓம், 100 வாட் தடையைத் தொடராகப் போடுங்கள். உச்ச வலுப் புள்ளி சரியாக 20 வோல்ட், 4 அம்பியர், 80 வாட் என்று முன்கூட்டியே தெரியும். உங்கள் நிரல் அங்கே நிற்கிறதா என்று எத்தனை முறையும் பார்க்கலாம்.

ஒஸிலோஸ்கோப் புரோபின் தரைக்கிளிப் கட்டடத்தின் எர்த்தோடு இணைந்தது. அதைச் சுவிட்ச் முனையில் மாட்டினால், சுற்றில் வேறெங்காவது எர்த் இருந்தால் அதுவே குறுக்கு இணைப்பு. இதற்காக ஒஸிலோஸ்கோப்பின் எர்த் ஊசியை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள், உடல் உலோகம் முழுவதும் சுற்றின் வோல்ட்டில் நிற்கும், 400 வோல்ட் வேலைக்குப் போகும் நாளில் அது ஆளைக் கொல்லும். டிஃபரென்ஷல் புரோப் கேளுங்கள். நீளமான தரைக்கம்பி தானே துள்ளலை உண்டாக்கிக் காட்டும் என்பதையும் கவனியுங்கள். புரோப் நுனியில் மாட்டும் சிறு வில்லைத் தரையாகப் பயன்படுத்தினால் உண்மை தெரியும்.

அப்போதும் துள்ளல் இருந்தால் ஸ்னபர் (துள்ளலை அடக்கும் தடையும் கப்பாசிட்டரும்) போட வேண்டும், கண்மதிப்பில் இல்லை. துள்ளலின் மீடிறனை அளந்து, அது பாதியாகும்வரை டயோடுக்குக் குறுக்கே சிறு கப்பாசிட்டர்களைச் சேருங்கள். சேர்த்ததில் மூன்றில் ஒரு பங்கே சுற்றில் ஒளிந்திருக்கும் கப்பாசிட்டன்ஸ். அதையும் முதல் மீடிறனையும் வைத்து ஒளிந்திருக்கும் இண்டக்டன்ஸைக் கணித்து, அதைக் கப்பாசிட்டன்ஸால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் போட வேண்டிய தடை கிடைக்கும்.

வினைத்திறனை எழுதும்போது அடக்கம் வேண்டும். உள்ளீட்டு, வெளியீட்டு வோல்ட்டும் மின்னோட்டமும் ஒவ்வொன்றும் 0.5 சதவீதப் பிழையுள்ள மீற்றரால் அளந்தால், மோசமான நிலையில் 2 சதவீதம் விலகலாம். அந்த மீற்றர்களை வைத்துக்கொண்டு 94.37 என்று எழுதினால், மதிப்பாய்வாளர் கட்டுரையை அந்த வரியிலேயே மூடிவிடுவார். 94, பிழை இத்தனை என்று எழுதுங்கள்.

கிழக்கிலிருந்து எழும் கேள்விகள்

கட்டத் தெரிந்த பிறகு, எதைக் கேட்பது என்பதுதான் ஆய்வு. பிற நாட்டுக் கட்டுரையில் ஒரு கட்டத்தை மாற்றி எழுதுவதைவிட, வாசலில் நடப்பதை அளப்பது எவ்வளவோ மேல்.

2016-ல் சூரிய பல சங்கிராமய திட்டம் தொடங்கியதிலிருந்து கூரைச் சோலார் பெருகிவிட்டது. நீண்ட தாழ்வோல்ட் வரியின் கடைசி வீட்டில் 5 கிலோவாட் இன்வேட்டர் 22 அம்பியரைத் திருப்பித் தள்ளும்போது, போகவர வழித்தடை 0.4 ஓம் என்றால் வோல்ட் 8.7 ஏறும். ஏற்கனவே 236-ல் இருந்த இடம் 244-ஐத் தாண்டிவிடும். 230-க்கு மேலே கீழே 6 சதவீதம்தான் நம் நாட்டு வரம்பு. அப்போது இன்வேட்டர் தானே நின்றுவிடும், வீட்டுக்காரர் நல்ல வெயிலில் உற்பத்தியை இழப்பார். சாய்ந்தமருதிலோ ஆரையம்பதியிலோ ஒரு ட்ரான்ஸ்போமரின் கீழ் வீட்டார் அனுமதியோடு ஒரு நிமிட இடைவெளியில் மூன்று மாதம் வோல்ட்டைப் பதியுங்கள். எதிர்வினை வலுவை (reactive power) உறிஞ்சி வோல்ட்டை இறக்கும் கட்டுப்பாடு நம் வரிகளில் எவ்வளவு உதவும் என்பதற்கு அந்தப் பதிவு விடை தரும். நம் தாழ்வோல்ட் வரிகளில் தடை அதிகம், எதிர்வினை குறைவு. ஆகவே பாடநூல் சொல்வதைவிடக் குறைவாகத்தான் உதவும். எவ்வளவு குறைவு என்பதே ஆய்வு.

இன்னும் பெரிய கேள்வி 2025 பெப்ரவரி 9-க்குப் பிறகு எல்லோர் வாயிலும் வந்தது. அன்று ஞாயிறு, தேவை குறைவு, சூரிய உற்பத்தி அதிகம், சுழலும் இயந்திரங்கள் குறைவு. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட ஒரு கோளாறோடு நாடு முழுவதும் இருண்டது. கணக்கு எளியது: வலையின் கொள்ளளவில் 10 சதவீத உற்பத்தி திடீரென விழுந்தால், சடத்துவ மாறிலி (சுழலும் இயந்திரங்களில் தேங்கியிருக்கும் சக்தியின் அளவு) 4 விநாடி என்றால் மீடிறன் விநாடிக்கு 0.6 ஹேட்ஸ் வேகத்தில் இறங்கும். 2 விநாடி என்றால் 1.25. பாதுகாப்புச் சாதனங்கள் யோசிக்க நேரமில்லை. வலையைப் பின்தொடரும் இன்வேட்டருக்குப் பதிலாக வலையைத் தானே உருவாக்கிப் பிடிக்கும் இன்வேட்டர்கள் இலங்கைக்கு எத்தனை வேண்டும், எங்கே வேண்டும் என்பதில் பல கலாநிதிப் பட்டங்களுக்கு இடம் இருக்கிறது. இறுதியாண்டு மாணவர் இதை 48 வோல்ட் டிசியில் ஓடும் சிறிய மூன்றுகட்ட இன்வேட்டரில், ஆபத்தில்லாமல் செய்து காட்டலாம்.

சம்மாந்துறை அரிசி ஆலைகளின் மோட்டார்களும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் வலைக்குள் தள்ளும் ஹார்மோனிக்ஸ் (அலைவடிவத்தைக் கெடுக்கும் உயர்மீடிறன் கூறுகள்), களுதாவளைத் தோட்டங்களின் கிணற்றுப் பம்பைப் பற்றரியில்லாமல் பனலிலேயே ஓட்டுவது, கடற்கரை உப்புக்காற்றில் இன்வேட்டர் விசிறியும் இணைப்பியும் அரிப்பது: இவையும் அளக்கக் காத்திருக்கின்றன.

230 வோல்ட் பக்கம் போகும்போது ஒரு விதி. 400 வோல்ட்டில் 470 மைக்ரோஃபராட் கப்பாசிட்டர் 38 ஜூல் வைத்திருக்கும். குறுக்கே 47 கிலோஓம், 10 வாட் தடையை நிரந்தரமாகப் பூட்டி, நிறுத்திய பிறகு இரண்டு நிமிடம் பொறுத்து, மீற்றரால் பார்த்த பிறகே தொடுங்கள். தனியாக வேலை செய்யாதீர்கள்.

கட்டுரையும் கடிதமும்

இறுதியாண்டு ஆய்வை நான்காம் ஆண்டு தொடங்குமுன்பே தெரிவுசெய்து உதிரிப்பாகங்களுக்குச் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுப் பொதி வந்துசேர வாரங்கள் ஆகும். பிசிபியும் ஒரு தடவையில் சரியாக வராது. இரண்டாவது பதிப்புக்குக் காலம் ஒதுக்குங்கள். முடிவை மொறட்டுவையின் மேர்கொன், பேராதனையின் ஐசிஐஐஎஸ் போன்ற மாநாடுகளுக்கு ஆறு பக்கத்தில் அனுப்பலாம். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுவோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் சஞ்சிகைகளை அண்டாதீர்கள். அந்தப் பெயர் உங்கள் விவரக்கோவையில் அழியாமல் நிற்கும்.

கலாநிதிப் பட்டத்துக்கு டென்மார்க்கின் ஆல்போர்க், இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம், அமெரிக்காவின் வேர்ஜீனியா டெக், அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் ஆகியவை இத்துறையில் வலுவான குழுக்கள் உள்ள இடங்கள். பொதுநலவாய, ஜப்பானின் மெக்ஸ்ட் புலமைப்பரிசில்களுக்கும் விண்ணப்பியுங்கள். பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல் 150 சொல்லைத் தாண்ட வேண்டாம். அவருடைய எந்தக் கட்டுரையில் எந்தப் படம் உங்களை நிறுத்தியது, அதே விடயத்தில் நீங்கள் என்ன கட்டி என்ன அளந்தீர்கள், அடுத்து எதைக் கேட்க விரும்புகிறீர்கள் என்று எழுதி, உங்கள் கன்வேட்டரின் ஒரு அலைவடிவத்தை அளவுகோலோடு இணையுங்கள். "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கி ஐம்பது பேருக்கு ஒரே கடிதம் அனுப்பினால் பதில் வராது. இரண்டு வாரத்தில் ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். ஆங்கிலத் தேர்வுச் சான்றுக்கு இரண்டு ஆண்டுதான் செல்லுபடி. அதை முன்கூட்டி எடுத்துக் காலாவதியாக்கி விடாதீர்கள்.

பதவி

பட்டம் முடிந்ததும் தற்காலிக விரிவுரையாளராகவோ போதனாசிரியராகவோ ஒரு ஆண்டு ஆய்வுகூடத்தில் இருப்பது நல்லது. சம்பளத்தைவிட, ஒஸிலோஸ்கோப் கையில் இருக்கும் ஆண்டு அது. பிறகு தகுதிகாண் விரிவுரையாளர் பதவி. ஆய்வுக்கூறு உள்ள உயர்பட்டத்தைக் குறித்த காலத்துக்குள் முடித்தால்தான் நிரந்தரம். சம்பளத்தோடு கல்வி விடுமுறையில் வெளிநாடு போகிறவர் திரும்பி வந்து சேவை செய்வதாகப் பிணை முறி எழுத வேண்டும், பிணையாளிகளும் கையெழுத்திட வேண்டும். எத்தனை ஆண்டு, தவறினால் எவ்வளவு என்பதை வாசித்த பிறகே மாமாவையோ சித்தப்பாவையோ பிணைக்கு அழையுங்கள். திரும்பி வராதவரின் கடனை அவர்கள் தலையில் கட்டுவது நடக்கிற காரியம்.

விளம்பரம் வந்தால் விண்ணப்பிக்க அதிக நாள் தரமாட்டார்கள். பட்டச் சான்றிதழும் பாடவாரிப் பெறுபேற்றுத் தாளும் பதிவாளர் உறுதிப்படுத்திய பிரதிகளாக, கட்டுரைகளின் முழுப் பிரதிகள், இரண்டு பரிந்துரையாளர்களின் சம்மதம், பதினைந்து நிமிட மாதிரி விரிவுரை ஒன்று: இவற்றை எப்போதும் தயாராக வைத்திருங்கள். மாதிரி விரிவுரைக்கு பக் கன்வேட்டரையே எடுங்கள், ஆங்கிலத்தில், கரும்பலகையில். படவில்லைகளை நம்பிப் போனால் புரஜெக்டர் வேலை செய்யாத அறையில் நிற்க நேரிடும். இண்டக்டரின் வோல்ட்-விநாடிச் சமநிலையை வரைந்து, நீங்கள் எடுத்த அலைவடிவத்தின் அச்சுப் பிரதியைத் தேர்வுக்குழுவின் கையில் கொடுத்து, இரண்டும் எங்கே ஒத்துப்போகவில்லை, ஏன் என்று விளக்குங்கள்.